பனிக்குள் வந்த துரை

நமுனுகுல மலைமேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் அந்த மலை அப்படியே பதுளைக் கடைவீதியில் சரியட்டும். புத்தகம் விற்பது, பத்திரிகைக்குக் கூத்து விமர்சனம் எழுதுவது, படம் காட்டுவது, இவற்றில் ஒன்றைத் தொட்டவனே உருப்படமாட்டான். நான் மூன்றையும் தொட்டவன். இதே கதியில் கிடக்கும் அன்பர்களே, கேளுங்கள்.

லயத்துக்கு ஒன்று

பதுளைக்கு ரயில் வராத காலத்தில் கடை போட்டேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கறுப்பையா ஒரு கதைப்பாட்டுப் புத்தகம் வாங்கினார். இனித் தோட்டமே திரண்டு வரும் என்று ஒரு கட்டுத் தருவித்தேன். ஒருவரும் வரவில்லை. அங்கே ஒருத்தர் ராகம் போட்டு வாசிப்பாராம், வரிசை வீட்டு லயமே கூடிக் கேட்குமாம். அந்த ஒற்றைப் புத்தகம் லயம் லயமாக ஹல்துமுல்லை வரை போய், சில வருஷம் கழித்து, அட்டை பிய்ந்து கறுப்பையா கையிலேயே திரும்பி வந்தது. புதுசு ஒன்று வாங்கலாமே என்றேன்.

"எதுக்குங்க? ஒரு அட்டை போட்டுக் குடுங்க, எங்க பேரப்புள்ளைக வரைக்கும் கேக்கும்."

பாடியது யார்

பத்திரிகையில் பேர் வந்தால் கடைக்கு ஆள் வரும் என்று நினைத்தேன். காமன் கூத்தில் காமன் வேஷக்காரருக்குச் சுருதி சேரவில்லை என்று எழுதினேன். விரதமிருந்து வேஷம் கட்டியவர் அதைக் களைகிற வரை தெய்வம். தோட்டமே காலில் விழும். யாரோ வாசித்துக் காட்ட, அந்த மனிதர் கடைக்கு வந்தார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பாடுனது நான் இல்லீங்க, சாமி. குத்தம் எழுதுறதா இருந்தா சாமி பேரப் போட்டு எழுதுங்க."

தொப்பி தெரிந்தால் எழுந்திரு

சாமியைக் குறை சொன்னவன் கடையில் யார் புத்தகம் வாங்குவார்? இருந்த புத்தகங்களில் பாதியைத் தள்ளிவிட்டு, கையால் சுற்றும் படப்பெட்டி வாங்கினேன். இது ஓடினால் கடை பிழைக்கும், இல்லையென்றால் பூட்டுத்தான். விடியலில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலேயே கறுப்பையா வேட்டியைத் திரையாகக் கட்டித் தந்தார். பேசாத படம், கதையை நான்தான் கத்த வேண்டும்.

தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் முண்டாசை அவிழ்த்து எழுந்து நிற்க வேண்டும். படத்திலோ முழுக்க வெள்ளைக்காரர்கள். முதல் தொப்பி தெரிந்ததும் களமே எழுந்துவிட்டது. முன்னால் நிற்பவர் மறைத்தால் பின்னால் படம் யாருக்குத் தெரியும்? வெறும் வெளிச்சம்தான், உட்காருங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். கறுப்பையா முண்டாசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க டவுன்காரரு, போயிருவீங்க. நாங்க காலையில பெரட்டுக்கு வரணுமே."

கெட்டிப் பனி

அப்போது மலையிலிருந்து பனி இறங்கியது. ஆணையிட்டிருக்கிறேன், நம்புங்கள்: படம் திரையை விட்டுவிட்டுப் பனிமேலேயே விழுந்து, அந்தப் படத்துத் துரை ஜனங்கள் நடுவே உலாவ ஆரம்பித்தார். ஒரு கையால் பெட்டியைச் சுற்றிக்கொண்டே மறு கையை அவர் வயிற்றுக்குள் விட்டு எடுத்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், முண்டாசுகள் தலைக்கு ஏறின. கடை பிழைத்தது என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டு, பங்களாவிலிருந்து நிஜத் துரை தொப்பியும் கைத்தடியுமாக அதே பனிக்குள் வந்து நின்றார். ஒருவரும் எழவில்லை. கறுப்பையா உட்கார்ந்தபடியே, தனக்கும் பயமில்லை என்று காட்ட, அவர் வயிற்றுக்குள் கையை விட்டார். கை போகவில்லை.

அதற்குப் பிறகு ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்து வாசலும் எனக்குத் திறக்கவில்லை. கங்காணி வேலை போன கறுப்பையா மூட்டையோடு என் கடைக்கு வந்தார். திட்டட்டும் என்று தலைகுனிந்து நின்றேன்.

"பனி இம்புட்டுக் கெட்டியா இருக்காதேன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகங்க."

இப்போது என் கடையில் பக்கத்துக் கடை முஸ்லிம் நானா கருவாடு விற்கிறார், லயத்துக்கு ஒரு கருவாடு போதும் என்று அவரிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

துரை இன்னும் பங்களாவில்தான் இருக்கிறார்; யார் சொன்னது என்று கேட்டால் மலையைக் கைகாட்டிவிடுங்கள், என் பேர் மட்டும் வேண்டாம்.