மெக்கானிக்குக்கு நாங்க பண்ணி வச்ச கல்யாணம்

புஜ்ஜி...

கோல்ட் ரூம் கதவத் தொறந்தா மூஞ்சில அடிக்குமே ஒரு குளிரு, பச்சத் தண்டு வாசனையோட... இன்னைக்கும் அது அடிச்சுச்சு. ரோஸ் கட்ட அடுக்க உள்ள போறப்பல்லாம் "குளிருதுக்கா"ன்னு என் ஸ்வெட்டருக்குள்ள பாதி பூந்துக்குவ.

புஜ்ஜி யாருன்னு தெரியாத ஃப்ரெண்ட்ஸுக்கு சொல்றேன். என் கொழுந்தன் பொண்டாட்டி. ஓரகத்தின்னா ஆகாதுன்னு ஊரே சொல்லும். எங்களுக்கு ஒரே வீடு, ஓசூர் பக்கத்துல ஒரே கிரீன்ஹவுஸ்ல ரோஸ் வெட்டற வேல, பாக்கறதுக்கும் ஒரே போன். அவ ஜூஜுவாடிக்காரி, வீட்டுல தெலுங்கு. நான் கல்லாவிப் பக்கம். அஞ்சாவதோட நின்னவ, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

சாப்பாட்டு நேரத்துல இயர்போன் ஒயர்ல ஒரு முனை உன் காதுல, ஒரு முனை என் காதுல. தமிழ் பேசற வெளிநாட்டு சீரியல். பெரிய வீடு மாதிரி ஒரு ராக்கெட்டு, உள்ள ஏழெட்டு பேரு, பூமிக்குத் திரும்ப வழி தேடிட்டே இருப்பாங்க. அவங்க பேரு நம்ம வாயில நொழையல. நாமளே வச்சோம். ஓட்டறவ. மெக்கானிக்கு. தாடி டாக்டரு...

ஓட்டறவளுக்கும் மெக்கானிக்குக்கும் ஒரு இது. வாயத் தொறந்து சொல்லிக்க மாட்டாங்க. அவன் ஸ்பானர் நீட்டுவான், அவ வெரலு படும், அவ்வளவுதான். அதுக்கே நீ என் தொடைய கிள்ளி வச்சுருவ.

நம்ம கூட வேல பாத்த மாதம்மாக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "காத்து தீந்து சாவக் கெடக்கறாங்க, இதுல அவளுக்கு ஆம்பள கேக்குதா?"

"சாவக் கெடக்கறப்பதான் மாதம்மாக்கா கேக்கும்!"ன்ன நீ.

எல்லாரும் அப்படிச் சிரிச்சோம். இப்ப நெனச்சா...

கமெண்ட்லயும் அதே சண்டதான். லவ்வ எடுத்துட்டு சண்டையக் காட்டுங்கடா, எங்கம்மா பாக்கற சீரியலா இதுன்னு ஒருத்தன் போட்டிருந்தான். நீ அவனுக்கு, "தம்பி, உங்கப்பாவும் அம்மாவும் சண்ட போட்டா நீ பொறந்த?"ன்னு போட்ட. எத்தன பேரு சிரிச்சு வச்சிருந்தாங்க அதுக்கு! ரெண்டு நாளு ராணி மாதிரி திரிஞ்சியே.

லவ்வர்ஸ் டே சீசன்ல கையெல்லாம் முள்ளு. ஊரு உலகத்துக்கே ரோஸ் கட்டி அனுப்பறோம், இந்த மெக்கானிக்குக்கு ஒரு கட்டு குடுக்க ஆளில்லையேன்னு பொலம்புவ.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. வந்தது போகவே இல்ல. ரத்தத்துல கோளாறுன்னாங்க, பெங்களூர்ல சேத்தோம். போன் வெளிச்சம் பாத்தா கண்ணு வலிக்குதுன்னுட்ட. "நீ பாத்துட்டு வந்து சொல்லுக்கா. அவங்க சேந்தாங்களான்னு மட்டும் சொல்லு."

ஒரு ஞாயித்துக்கெழம பஸ்ல வர்றப்ப பாத்தேன் புஜ்ஜி. ராக்கெட்டுல ஏதோ பழுது. அத சரி பண்ண மெக்கானிக்கு வெளிய போறான். கதவு மூடிக்குது. தொறந்தா உள்ள இருக்கற எல்லாரும் செத்துருவாங்க. அவன வெளிய விட்டுட்டு ஓட்டறவளே வண்டிய எடுத்துட்டுப் போறா...

அத்திபெலே டோல்கேட்ல வண்டி நிக்குது, நான் விக்கி விக்கி அழறேன். "ஏனாய்த்தம்மா?"ன்னு கண்டக்டர் கன்னடத்துல என்னாச்சுன்னு கேக்கறாரு. என்னன்னு சொல்லட்டும், ராக்கெட் மெக்கானிக்கு போயிட்டான்னா?

வார்டுல நீ தலையணையில இருந்து கண்ண மட்டும் திருப்பின. "என்னாச்சுக்கா?"

"சேந்துட்டாங்க."

"நெசமாவா? கல்யாணமா?"

"கல்யாணமேதான்."

"தாலி யாரு எடுத்துக் குடுத்தா?"

"தாடி டாக்டரு."

"மாலை?"

"நம்ம ரோஸ்தான். பெட்டி பெட்டியா எறக்கிட்டாங்க."

"முள்ள எடுத்தாங்களா?"

பக்கத்து பெட்டுல ஒரு காலேஜ் பொண்ணு, எப்பவும் போனும் கையுமா இருக்கும். அது போன எறக்கி என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. நான் கண்டுக்கல.

அப்புறம் வாரா வாரம் கத சொன்னேன். பாதி நான் சொன்னா மீதிய நீ போட்ட. ராக்கெட்டுக்குள்ள மாதம்மாக்கா மாதிரி ஒரு மாமியார விட்டதே நீதான். மெக்கானிக்கு ஓட்டறவளுக்கு ராகி களி கிண்டிக் குடுத்தான். பொம்பளப் புள்ள பொறந்துச்சு. அதுக்கு உன் பேரையே வச்சுக்கிட்ட. அங்க கமெண்ட்ல அவன ஏன்டா கொன்னீங்கன்னு இன்னும் திட்டிட்டே இருந்தாங்க. இங்க அவன் புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு நட்டு முடுக்கிட்டு இருந்தான்.

கடைசியா பாத்தப்ப உனக்குக் கொரலே இல்ல. குனிஞ்சு காத வச்சேன்.

"அக்கா... வெளிய அவனுக்குக் குளிருச்சாக்கா?"

அவன் வெளிய போனத நான் சொல்லவே இல்லயே புஜ்ஜி...

அந்தப் பக்கத்து பெட்டு பொண்ணு சொல்லுச்சா? எத்தன நாளா தெரியும் உனக்கு? தெரிஞ்சேதான் மாலைக்கு முள்ள எடுத்தியா, புள்ளைக்குப் பேரு வச்சியா... ஒண்ணும் கேக்க முடியல.

"இல்லடி. குளிரல. அவ போர்வ போத்தி விட்டா"ன்னேன்.

"அப்ப சரி"ன்ன. கண்ண மூடிக்கிட்ட. அடுத்த ஞாயித்துக்கெழம நான் பஸ் ஏறல. உன்னத்தான் வண்டியில கொண்டாந்தாங்க.

இப்ப வேலைக்கு புதுப் புள்ளைங்க வந்திருக்கு. அதுங்களும் ஏதோ சீரியலுக்கு யாரு யாரோட சேரணும்னு அடிச்சுக்குதுங்க. ஆளுக்கு ஒரு போனு, காதுல ஒயரே இல்லாத மிஷினு. ஒருத்தி மேல ஒருத்தி ஒட்டி ஒக்கார வேண்டிய தேவையே இல்ல. நான் நம்ம பழைய ஒயரத்தான் மாட்டிக்கறேன். ரெண்டு காதும் எனக்கே. சத்தம் நல்லாத்தான் கேக்குது.

மெக்கானிக்கு திரும்பி வருவானான்னு இன்னும் கமெண்ட்ல கேக்கறாங்க. நானும் போயி பாத்துட்டு வந்துருவேன்.

ரெண்டு நாளா மழ விடல. உன்ன வச்ச எடத்துல தண்ணி நிக்குதுன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான். என் ஸ்வெட்டர் ஆணியிலதான் தொங்குது, போடவே தோணல.

புஜ்ஜி... அங்க குளிருதாடி?