லெட்டி பிடித்த காற்றுக் குழாய்

லெட்டி அப்போலிஸுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் கான்ஸ்பாயின் கடலடியில் அவள் தம்பி ஃப்ளோர்ஸ் இழுக்கும் மூச்சு அவள் கைவழியாகத்தான் போகிறது. படகிலிருக்கும் எந்திரம் காற்றை அடிக்கும். மஞ்சள் குழாய் அதைக் கீழே கொண்டுபோகும். அவன் பாறையில் பெர்லமூன் சிப்பிகளைப் பெயர்த்துக்கொண்டிருப்பான். முன்பு குழாய் பிடித்தவன் ஒருநாள் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாளே லெட்டி மீன் ஆலை வேலையை விட்டுவிட்டுப் படகில் ஏறினாள். பயமில்லாமல் அவள் கடலுக்குப் போன நாளே இல்லை.

குழாயை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தால் மேலே வா என்று பொருள். ஒரே நீண்ட இழுப்பு என்றால் சுறா வருகிறது, ஆளுயரத்துக்கு மேல் மரம்போல் வளர்ந்திருக்கும் பாசிக்காட்டுக்குள் பதுங்கு. வெள்ளைச் சுறா அடர்ந்த பாசிக்குள் நுழையாது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த நான், அன்று சித்தப்பா மக்களான அவர்களோடு போயிருந்தேன்.

"அக்கா, பொரிச்ச ரொட்டில எனக்கு ஒண்ணாவது வையி" என்றான் ஃப்ளோர்ஸ்.

"சீக்கிரம் வந்தா உண்டு. இல்லாட்டி கடல்பாசியத் தின்னு."

அவன் இறங்கிச் சற்று நேரத்தில் தீவுப் பக்கம் இரண்டு கறுப்பு முதுகுத் துடுப்புகள் எழுந்தன. ஓர்காத் திமிங்கிலங்கள். போன மாதம் எங்கள் கரையில் ஒதுங்கிய வெள்ளைச் சுறாவின் ஈரலை மட்டும் உருவித் தின்றிருந்தது இந்த இனம்தான்.

லெட்டி துடுப்பைக் கண்டாள். கை பழக்கத்தில் நீளமாக இழுத்துவிட்டது. கீழிருந்து பதில் இழுப்பு வந்தது. அவன் பாசிக்குள் போய்விட்டான்.

அப்போதுதான் எங்கள் படகின் நீளத்துக்கு ஒரு சாம்பல் முதுகு வந்தது. வேட்டைக்கு வரும் சுறா இப்படி வராது; இது ஓர்காவுக்குப் பயந்து ஓடி வந்தது. நேராகப் பாசிக்காட்டுக்குள் புகுந்தது.

"ஐயோ, நானே அனுப்பிட்டனே" என்றாள் லெட்டி.

"மேல இழு, அக்கா!" என்று கத்தினேன்.

"இழுத்தா உதறிக்கிட்டு வருவான். அது திரும்பிப் பாக்கும்."

குழாயைத் தளர்த்திவிட்டு நீர்க்குமிழிகளையே பார்த்தாள். குமிழிகள் நின்றன. மறுபடி மெல்ல ஒன்றிரண்டு எழுந்தன. அவன் மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தான்.

ஓர்காக்கள் பாசியோரமாக இருமுறை போய்வந்து விலகின. நெடுநேரம் கழித்து ஃப்ளோர்ஸ் ஒரு பாசித்தண்டைப் பிடித்தபடி மேலே வந்தான். இருவருமாகப் படகில் தூக்கிப் போட்டோம்.

"கை எட்டுற தூரம்க்கா. என்னைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. ஆனா என்னைப் பாக்கல, வெளியவே பாத்துக்கிட்டிருந்துச்சு."

லெட்டி அவன் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவன் தலையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சொன்னாள்: "இனிமே கறுப்புத் துடுப்பு தெரிஞ்சா ரெண்டு தடவ வெடுக்குனு இழுப்பேன். உடனே மேல வந்துரு."

"நான் மேல வர்ற நேரம் சுறா பாசிக்குள்ள ஓடி வந்தா? வழியில நான்ல இருப்பேன்?"

அவள் மஞ்சள் குழாயைச் சுருட்டத் தொடங்கினாள். திங்கட்கிழமை மறுபடி கடலுக்குப் போக வேண்டும். எந்த இழுப்பு சரி என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.