டெல்மர் வீட்டுக் கணப்பு

எங்கள் தெற்கு மினசோட்டாப் பக்கத்தில் டெல்மர் ஃபாஸ்பெர்க் மாதிரி ஒரு பிடிவாதக்காரனைப் பார்க்க முடியாது. வயது எழுபத்தொன்று. பக்கத்துப் பண்ணைக்காரன் என்ற பாவத்துக்கு நாற்பது வருஷமாக அவனோடு மாரடிக்கிறேன். தன் நிலத்தில் விளைந்த மக்காச்சோளத்தைத் தவிர வேறு எதையும் எரித்து வீட்டைச் சூடாக்க மாட்டான். கூடத்தில் அதற்கென்றே ஒரு கணப்பு வைத்திருக்கிறான். மேலே சோளத்தைக் கொட்டினால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி எரித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் ஒழுங்காக எரிந்தது, போன டிசம்பரில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பற்றவைத்தால் அரை மணி நேரம் எரியும், பிறகு திணறி அணைந்துவிடும்.

டெல்மர் விடுவானா? உள்ளே இறுகிப்போன சாம்பல் கட்டியை உளி வைத்து உடைத்தான். புகைக்குழாயைச் சருகு ஊதும் இயந்திரத்தால் ஊதினான். கரியெல்லாம் வீட்டுக்குள் திரும்பி, அவன் மனைவி ஆர்லிஸ் தேவாலயத்துக்காகத் தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப்போர்வை மேல் இறங்கியது. சோளத்தில் ஈரமோ என்று அவளுடைய கேக் தட்டுகளில் பரப்பி வாட்டினான். விசிறியை மாற்றினான், சுவிட்சை மாற்றினான். கணப்பு தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆர்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்துப் பார்த்தாள். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"இங்க பாரு டெல்மர், ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அதுக்குள்ள இது ஒழுங்கா எரியலேன்னா நான் அரிசோனாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பனி உருகினப்புறம்தான் வருவேன்."

"போறதுன்னா போ."

வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாள் என் கொட்டகைக்கு வந்து, "அவ நிஜமாவே போயிடுவாடா" என்றான். பயந்து போயிருந்தான். எனக்கே பாவமாகிவிட்டது.

சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் யோசனை சொல்லப் போனோம். காபி குடித்து, பூசணிக்காய் கேக் தின்று முடிப்பதற்குள் கணப்பு இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அவன் பற்றவைத்ததும் கிளம்பினோம். எங்கள் ஊரில் கிளம்புவது லேசான காரியமில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு "சரி, அப்ப..." என்று எழுந்திருக்கவே பத்து நிமிஷம் ஆகும். பிறகு வாசல் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி, பனி, பன்றிக்குட்டிகள், யாருக்கு இடுப்பெலும்பு மாற்றினார்கள் என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் கணப்பு ஜெகஜோதியாக எரிந்தது. வீடு திரும்பி நான் பூட்ஸைக் கழற்றுவதற்குள் டெல்மரிடமிருந்து போன்.

"அணைஞ்சுபோச்சுடா!"

எனக்குப் பொறி தட்டியது. "இந்த வருஷம் வீட்டை என்னடா பண்ணினே?"

"என்ன பண்ணினேன்? சன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டினேன். இடுக்கு பூரா நுரை அடிச்சேன். ஒரு எறும்பு நுழையட்டும் பார்ப்போம்!"

"எறும்பு மட்டுமா? காத்தும்தான் நுழையல. அது புகையை வெளியே தள்ளணும்னா உள்ள காத்து வரவேணாமா? மூச்சு முட்டிச் சாகுது. பின்னாடி சுவத்துல மூணு அங்குலத்துக்கு ஓட்டை போட்டு ஒரு குழாயை விடு."

"அக்டோபர் பூரா அடைச்ச வீட்டுல நானே ஓட்டை போடணுமா? வெளியே மைனஸ் இருபத்தஞ்சு. எனக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம் இல்லாதவன் என்ன செய்தான் தெரியுமா? ஞாயிறு காலையிலிருந்து ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், கதவைத் திறந்துவைத்து வாசலில் நிறுத்தி விடைபெறச் சொன்னான். போதகர் இரண்டு தடவை விடைபெற்றார். நான் மூன்று தடவை. மதியத்துக்குள் ஆள் தீர்ந்துபோய்க் கதவைச் சாத்தினான். கணப்பு அணைந்தது.

ஆர்லிஸ் பெட்டியைக் கட்டினாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும்படி என்னைக் கூப்பிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வாசற்படியில் இறங்கி நின்றேன். அவள் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஃப்ரீசர்ல பன்னெண்டு டப்பா சமைச்சு வச்சிருக்கேன். அப்ப நான் வர்றேன்."

டெல்மர் அவசரமாகக் கணப்பைப் பற்றவைத்தான். திறந்த கதவைக் கண்டதும் அது குபுகுபுவென்று எரிந்தது.

"ரோடு வழுக்கும்," என்றான். "உங்க அக்காவைக் கேட்டதா சொல்லு." அவனிடம் இருந்த பேச்சு அவ்வளவுதான். கதவையே பார்த்தான். பிறகு கண் கலங்கிவிட்டது. "ஆர்லிஸ், போகாதே. போன்னு சொன்னது பொய். காலைல சமையக்கட்டுல ஏதோ பாட்டு முணுமுணுப்பியே, அதைக் கேட்டுத்தான் நான் கண்ணே முழிக்கிறேன். அது இல்லாம என்னால முடியாது."

நாற்பது வருஷத்தில் அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆர்லிஸும் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"துளை போடுற மெஷினை எடுத்துட்டு வர்றேன்," என்றான். "இப்பவே ஓட்டை போட்டுடறேன்."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஓட்டையை நாளைக்குப் போட்டுக்கலாம். கதவு திறந்தே இருக்கட்டும். நீ மேல சொல்லு."

அந்தக் குளிரில் பெட்டியும் கையுமாக நான் நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.