அப்பாவின் சாட்சி பாதியில் நின்ற சனிக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் அறையில் பாய் விரித்தானதும் அப்பா கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொள்வார். அன்றைக்கு, ஆண்டவர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். அப்போது நாங்கள் தாராவியில் ஒரு வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். யுத்த காலம். அப்பாவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் இருந்தன. அவர்கள் எல்லாரும் கூடும் வார ஜெபக்கூட்டம் எங்கள் அறையில்தான் நடக்கும், நடத்துவது அப்பா.

அந்தச் சாட்சி எங்களுக்கு மனப்பாடம். "நான் பெரிய குடிகாரனா இருந்தேன். ஒரு மழை நாள்ல மாஹிம் ஓடைப் பக்கம் சகதியில கெடந்தேன். அந்த வழியா வந்த ஒரு அண்ணாச்சி என்னத் தூக்கிட்டுப் போயி, தம் வீட்டுக் கதவத் தெறந்து, கழுவி, தம் பாயில படுக்க வச்சாரு. ஏன் குடிச்சன்னு ஒரு வார்த்தை கேக்கல." அதற்குப் பிறகு அந்த அண்ணாச்சியோடு ஜெபக்கூட்டத்துக்குப் போனது, மனந்திரும்பியது, குடியை விட்டது. நானும் தம்பியும் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைப்போம். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் பிறந்த பிறகு அப்பா குடித்ததே இல்லை. ஆனால் அந்தக் கதை நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அப்பா எப்படி இருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. வீட்டில் அவர் கடுமையான மனிதர். தப்புச் செய்தவர்களிடம் அவர் இளகி நான் பார்த்ததில்லை. அம்மா அவரிடம் அளந்துதான் பேசுவாள்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். தோல் ஷாப்பில் வேலை. மாமா வந்தபிறகுதான் எங்கள் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் கூட வேலை பார்த்தவர்களோடு சேர்ந்து அவருக்குக் குடி பழகிவிட்டது. ஒருநாள் தள்ளாடிக்கொண்டே வந்தவர், தெருக்குழாயடியில் தண்ணீருக்கு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் வாந்தி எடுத்தார். அப்பா அவரை அடிக்கவில்லை. உள்ளே வந்து மாமாவின் தகரப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

"ஜெபக்கூட்டம் நடக்குற வீடு இது. குடிகாரனுக்கு இங்க எடமில்ல."

"மழையா இருக்கு அத்தான். விட்டதும் போயிருதேன்" என்றார் மாமா.

அப்பா கதவைச் சாத்தினார். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் பிசையத் தொடங்கியது. அந்த வாரம் முழுவதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மழையும் விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. எல்லாரும் நனைந்த குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கீர்த்தனை பாடி முடித்ததும் அப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். குடிகாரனா இருந்தேன், சகதியில கெடந்தேன் என்று வழக்கம்போலப் போயிற்று. "ஒரு அண்ணாச்சி என்னத் தூக்கிட்டுப் போயி, தம் வீட்டுக் கதவத் தெறந்து" என்றவர் அதற்கு மேல் போகவில்லை. எனக்கும் தம்பிக்கும் வாயசைவு அப்படியே நின்றது. உருக்கத்தில் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்து யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். அப்பா எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏளா, அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்லா?"

அம்மா தலை நிமிராமல் சொன்னாள். "சயான் ரோட்டுல லாரிக்காரங்க கொட்டகையில கெடக்கான். காச்சல்." பக்கத்து வீட்டுப் பையன் கையில் அவள் தினமும் அங்கே ரொட்டி கொடுத்தனுப்பிய விஷயம் எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பாடிக்கிட்டு இருங்க, வந்துருதேன்" என்று அப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தெரிந்த கீர்த்தனைகளையெல்லாம் பாடித் தீர்த்தோம். பாடியதையே திரும்பவும் பாடினோம். யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் அப்பா வந்தார், உச்சியிலிருந்து சொட்டச் சொட்ட. குடை மாமாவின் தலைக்கு மேல் இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் இங்கனயே இருக்கேன் அத்தான்."

"உள்ள வா மாப்ள. பாய் கெடக்கு."

மாமாவைத் துவட்டிப் படுக்க வைத்த பிறகு, அப்பா ஈரத் துணியோடு எல்லாருக்கும் முன்னால் நின்றார். "நான் மனந்திரும்புனத உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். போன வாரம் நான் செஞ்சத சொன்னதில்ல. இவன நான்தான் மழையில தள்ளினேன். ஆண்டவர் என்ன மன்னிக்கணும். இவனும் மன்னிக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். மாமா போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தார்.

மாமா அன்றோடு குடியை விட்டுவிடவில்லை. மறுபடியும் விழுந்தார், மறுபடியும் அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். குடி மெல்ல மெல்லத்தான் விட்டது. பிறகு கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு கடைசிவரை நன்றாக இருந்தார்.

அப்பா அந்தப் பழைய சாட்சியை அதன்பிறகு சொன்னதே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அம்மா காய் நறுக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த வாரம் நான் எப்படி ஏளா?" என்று கேட்பார். முதலில் அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு துணிந்து சொல்ல ஆரம்பித்தாள். "கொழாயடியில அந்த மராட்டிக்காரம்மாவ வெரட்டுனிய. பாவம், அவ வரிசையிலதான் நின்னா." சில வாரங்களில் அப்பாவுக்குக் கோபம் வரும். எழுந்து வெளியே போவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சரி, மிச்சத்தையும் சொல்லு" என்பார்.

இப்போது நான் செம்பூரில் திலக் நகரில் மகனோடு இருக்கிறேன். எங்கள் சபைக் கோயிலில் மைக் பிடித்து நன்றாகவே சாட்சி சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம், இவரைப் பற்றி வீட்டில் யாரைக் கேட்கலாம் என்று மனசு தானாகத் தேடுகிறது. என்னைப் பற்றி மருமகளிடம்தான் கேட்க வேண்டும். இரண்டொரு தடவை கேட்டும் பார்த்தேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சொன்னாள்.

அந்த தாராவி நாட்களில் ஒரு சனிக்கிழமை அப்பா வழக்கம்போலக் கேட்க, அம்மா அரிவாள்மணையை நகர்த்தி வைத்தாள். "நானும் ஒண்ணு சொல்லணும். என் தம்பிய நீங்க வெளிய தள்ளின வாரம், உங்க சாட்சி தொண்டையிலயே நின்னுரணும்னு தெனமும் ஜெபம் பண்ணினேன். அது பாவந்தானே?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "நான் பண்ணின ஜெபம் ஒண்ணும் அவ்வளவு சீக்கிரம் கேக்கப்பட்டதில்ல ஏளா" என்றார்.