ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாட்டு

என்னிடம் ஒரு குட்டியானை வண்டி இருக்கிறது. பின்னால் மீன் பெட்டி. வெளியே தகரம், நடுவில் தெர்மாகோல், உள்ளே வழவழவென்று பைபர். விடியும்போது மீனும் ஐஸும் ஏற்றி தி.நகர், அடையாறு, பெருங்குடி என்று ஓட்டல் ஓட்டலாக இறக்குவேன். பத்து மணிக்கெல்லாம் பெட்டி காலி. கழுவிவிட்டு மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் நிறுத்துவேன். டீ குடிப்பேன். தூங்குவேன். எட்டாவது வரை படித்தேன். பேச்சு அதிகம் வராது.

ஒரு நாள் யாரோ பெட்டியைத் தட்டினார்கள். எழுந்து பார்த்தேன். கண்ணாடி போட்ட ஓர் ஆள், இருபத்தைந்து வயது இருக்கும், தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா, இதுக்குள்ள நின்னா வெளியில இருக்கற சத்தம் கேக்குமா?”

“யாரும் நின்னு பாத்ததில்ல.”

“நான் நிக்கலாமா?”

இப்படி ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. திறந்துவிட்டேன். ஏறினான். சாத்தச் சொன்னான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான். உள்ளேயிருந்து திறக்க முடியாது. அதனால் நானும் நின்றேன். மேலே ரயில் ஒன்று போயிற்று. பிறகு உள்ளே தட்டினான். வியர்வை சொட்ட இறங்கினான்.

“ரயில் போச்சா அண்ணா?”

“போச்சு.”

“எனக்குக் கேக்கவே இல்ல” என்றான். லாட்டரி விழுந்தவன் மாதிரி சிரித்தான்.

அவன் மயிலாப்பூர்க்காரன். வீட்டில் எல்லோரும் பாட்டு, வயலின். அவன் கம்ப்யூட்டரில் பீட் போடுகிறவன். அவனோடு இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். புடவைக் கடையில் நிற்கிறவன், சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறவன், பெருங்குடி ஆபீஸ் ஒன்றில் ராத்திரி வேலை பார்க்கிறவன். முதலில் அடையாறில் ஒரு வீட்டு மாடியில் கிட்டார் கூட்டம் ஒன்று இருந்ததாம். போஸ்டரைத் தாங்களே அச்சடித்து, ஸ்பீக்கரைத் தாங்களே தூக்கி, துண்டை விரித்து டிக்கெட் காசு வாங்கியவர்கள். கிட்டார்க்காரர்கள் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டார்கள். மைக்கும் ஸ்பீக்கரும் மிச்சம். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்தான் இவர்கள். கிட்டார் தெரியாது. வாய் இருந்தது. ராப் என்றார்கள்.

மைக் வைத்துப் பதிவு செய்ய அமைதியான அறை வேண்டும். அந்த அறைக்கு வாடகை கொடுக்க அவர்களால் முடியாது. என் பெட்டி மத்தியானம் சும்மா இருந்தது. சரி என்றேன்.

பைபர் சுவரில் குரல் எதிரொலித்தது. அதற்கு வழி சொன்னவள் அவர்களில் ஒருத்தி. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் அம்மாவோடு மீன் விற்கிற பெண். அவள் அம்மாவிடம் நான் சரக்கு எடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கிழிந்த வலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சுவர் முழுக்க மடித்து மடித்துத் தொங்கவிட்டாள். எதிரொலி நின்றது. நாற்றம் வந்தது.

“இப்பல்லாம் ஆத்துக்குப் போனா, பின்பக்கமா போய்க் குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்ங்கறா அம்மா” என்றான் பீட்காரன்.

“நான் குளிச்சிட்டு வந்தா உள்ள வுடுவாங்களா மச்சி?” என்றாள் அவள்.

 அவன் கண்ணாடியைத் துடைத்தான்.

“தெரியல. வா, கேட்டுப் பாப்போம்” என்றான்.

“பயந்துட்டான் பாரு” என்று அவளே சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் போனாள். காபி கொடுத்தார்கள் என்று சொன்னாள். எந்த டம்ளரில் என்று டெலிவரிக்காரன் கேட்டான். “டம்ளருதான்டா, மூடு” என்றாள்.

என் வேலை கதவு. அவர்கள் உள்ளே, நான் வெளியே. பீட் ஹெட்போனில் ஓடும். குரலைத் தெர்மாகோல் தின்றுவிடும். ஒன்றும் கேட்காது. சில சமயம் தகரத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளே யாரோ காலைத் தட்டுவது மட்டும் உள்ளங்கைக்குத் தெரியும். என்ன சொல்கிறார்கள் என்று ஆசையாக இருக்கும். கேட்டால் போட்டுக் காட்டியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. அந்த அடையாறு மாடியில்தான் இன்னும் கூடுவார்கள். அங்கே எதை வேண்டுமானாலும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பாட்டாக வெளியே விடுவதற்கு முன்னால், அது எந்த இடத்தைப் பற்றியதோ அங்கே போய், அங்கே இருக்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லியாக வேண்டும். யாரோ ஒருத்தன் போகாமலே பெருங்குடி குப்பைமேட்டைப் பற்றி எழுதினானாம். கேட்க வந்தவர்களில் ஒருவர் அங்கே குடியிருக்கிறவர். “காத்து எந்தப் பக்கம் அடிச்சா ஜன்னல மூடுவோம், சொல்லு” என்று கேட்டாராம். அவனுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து விதி.

அதனால் என் வண்டிக்கு இன்னொரு சவாரி கிடைத்தது. புடவைக் கடைக்காரன் நாள் முழுக்க நிற்கிற காலைப் பற்றி எழுதியிருந்தான். தி.நகரில் கடை திறக்கிற நேரத்தில் வாசலில் நின்று சொன்னான். வாட்ச்மேன் விரட்டினார். விரட்டிக்கொண்டே கடைசி வரி வரை கேட்டார். “போடா, எனக்கு மட்டும் கால் இல்லியா?” என்றார். அது கணக்கில் சேரும் என்று முடிவு செய்தார்கள்.

இப்படி எல்லோருடையதும் முடிந்தது. மீன்காரப் பெண்ணுடையது மட்டும் பாக்கி.

அவளுடையது அவள் அம்மாவைப் பற்றியது. கடையில் அம்மா பேரம் பேசுவதும் திட்டுவதும்தான் பாட்டு என்று அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. அம்மாவுக்கு விஷயம் வேறு வழியாகப் போய்விட்டது. ஒரு நாள் நான் அவர்கள் கடைப் பக்கம் நின்று பெட்டியில் ஐஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மகளிடம் கேட்டது காதில் விழுந்தது.

“இன்னாடி, என்னிய வச்சு அடையாறு மாடில பாட்டு கட்டிக்கினு கீறியாம்?”

“யாரு சொன்னா?”

“கஸ்டமரு. நீங்கதானா அந்த அம்மான்னு கேட்டுக்கினே ஒரு கிலோ எறா வாங்கிக்கினு போறாரு. வசவெல்லாம் வருதாமே.”

“வருது.”

“ஊருக்கு வெளிய சொல்றது பெரிசில்ல. இங்க சொல்லு. நம்ம ஜனம் நாலு பேரு முன்னாடி, நானும் நிக்கிறேன். எனக்குத் தல குனிஞ்சா அத்தோட வுட்டுடணும். மைக்கத் தொடக்கூடாது. சரியா?”

“சரி” என்றாள் மகள். மறுபடியும் மீனுக்குச் செதிலெடுக்க ஆரம்பித்தாள். கத்தி அதே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டார்கள். படகு நிற்கிற இடத்தில் இரண்டு ஸ்பீக்கர், சாயங்காலம், ஒரு மணி நேரம். சரி என்றார்கள். அன்றைக்கே இரவு எல்லோர் பாட்டையும் ஒன்றாக வெளியே விடுவதாக இருந்தார்கள்.

ஞாயிறு விடியற்காலையில் நான் சரக்கு எடுக்கப் போனேன். கரையில் படகெல்லாம் அப்படியே இருந்தது. ரோட்டோரம் ஒரு கடையும் இல்லை. இரண்டு சந்து தள்ளி ஒரு படகுக்காரர் இறந்துவிட்டார். சாவு விழுந்தால், எடுக்கிற வரை அங்கே யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்கு மேளம் மட்டும்தான். மைக் செட் கிடையாது.

மத்தியானம் பீட்காரனையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு போனேன். போனில் சொல்லியிருந்தேன். ஆனாலும் வந்தான். பிணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மேள அடியைக் கேட்டு அவன் விரல் தொடையில் ஓட ஆரம்பித்தது. பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஆட்கள் திரும்பி வந்து குளித்த பிறகு அந்தப் பெண் வண்டியிடம் வந்தாள்.

“சத்தத்த ரொம்பச் சின்னதா வச்சா?” என்றான் அவன்.

“சின்னது பெரிசு இல்ல மேட்டரு. சாவு வீடு கீது.”

“சாரி. அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை?”

“அம்மா ஒத்துக்கினதே பெரிசு. இன்னொரு தபா ஒத்துக்கும்னு இன்னா கேரண்டி? நீங்க உங்களுத வுட்டுடுங்க. என்னுது வேணாம்.”

“விதியைத் தள்ளிட்டு உன்னோடதையும் விட்டுடலாமே?”

“அம்மாகிட்ட சரின்னு சொல்லிகீறேன்டா.”

அப்போது அம்மா வந்தது. குளித்த தலை, நுனியில் முடிச்சு. வண்டியைப் பார்த்தது, ஸ்பீக்கரைப் பார்த்தது.

“இத்த இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வந்தீங்க? சொன்ன நாளு போச்சு. அவ்ளோதான்.”

மகள் தலையாட்டினாள்.  எனக்கு அது பொறுக்கவில்லை.

“பெட்டி கீது” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“வெளிய கேக்காது” என்றேன்.

“நாலு பேரு முன்னாடின்னு சொன்னேன்” என்றது அம்மா.

“நாலு பேரு நிக்கலாம்.”

அம்மா சந்துப் பக்கம் பார்த்தது. சாவு வீட்டு வாசலைப் பார்த்தது. யோசித்தது. பிறகு மகளின் சின்னம்மாக்காரியையும் எதிர்வீட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டது.

“குளிச்ச தலையோட மீன் பெட்டில ஏத்துறியே” என்றாள் சின்னம்மா.

“நீ இன்னா, கல்யாண மண்டபத்துக்கா போற? ஏறு.”

குனிந்து ஏறினார்கள். மகள் போனையும் கையளவு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு கடைசியாக ஏறினாள். சாத்தினேன். பீட்காரனுக்கு உள்ளே இடமில்லை. என் பக்கத்தில் நின்றான். அவனுக்கும் கேட்கவில்லை. தகரத்தில் காதை வைத்தான். நான் கையை வைத்தேன். ஒரு கால் தட்டியது. அப்புறம் அதுவும் நின்றது. பிறகு நீளமாக ஒன்றும் இல்லை.

உள்ளே தட்டினார்கள். திறந்தேன்.

அம்மா முதலில் இறங்கியது. முந்தானையால் முகம் துடைத்தது. பின்னால் வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்கள். மகள் பெட்டிக்குள்ளேயே நின்றாள்.

“கடைசில வருதே ஒரு வசவு” என்றது அம்மா.

“ம்.”

“அது என்னுது இல்ல.”

“உன் வாயால கேட்டுகீறேன்மா.”

“நான் ஒரு தபா சொல்லியிருப்பேன். அது பக்கத்துக் கடைக்காரி சரக்கு. அவகிட்டருந்து எடுத்தது. மத்ததெல்லாம் என்னுது.”

“அப்ப நானு வெளிய வுடலாமா?” என்றாள் மகள்.

“இன்னா நானு? அவ சரக்க அவகிட்ட சொல்லாம எப்டி வெளிய வுடுவ?”

பீட்காரன் என்னைப் பார்த்தான். அது அவர்கள் விதி. அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்துக் கடைக்காரியைக் கூட்டி வந்தார்கள்.

“என்னுது இன்னா கீது அதுல?” என்றாள்.

“உள்ள போய்க் கேளு.”

“நல்ல திட்டா, கெட்ட திட்டா?”

“உன்கிட்ட நல்லது எங்க கீது?”

ஏறினாள். தனியாக வேண்டாம் என்று மூன்று பேரை இழுத்துக்கொண்டாள். அவர்கள் இறங்கியபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. சாவுநாள் ஆயிற்றே என்று சிரிப்பை அடக்கி அடக்கி வந்த தண்ணீர். “என்னுதுதான்” என்று மட்டும் சொன்னாள். அதற்குள் வேறு பெண்கள் வந்து நின்றார்கள். கடை இல்லாத நாள். யாருக்கும் வேலை இல்லை. என்னுது ஏதாவது வருதா, என் பேச்சு வருதா என்று கேட்டுக்கேட்டு ஏறினார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். நடுநடுவே இறங்கிக் காற்று வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப ஏறினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் மீன் இல்லாத மீன் வண்டிக்கு எதற்குக் கூட்டம் என்று பார்த்தார்கள். வந்து கேட்கவில்லை.

நான் திறந்தேன், சாத்தினேன்.

வெளிச்சம் மங்கியபோது கூட்டம் குறைந்தது. அம்மா என்னிடம் வந்தது.

“தம்பி, நீ கேட்டியா?”

“இல்ல.”

“இவ்ளோ நாளா உன் வண்டிதான?”

“கதவு பிடிக்கணும்.”

 அம்மா தாழ்ப்பாளில் இருந்து என் கையை எடுத்துவிட்டது.

“ஏறு. நான் பிடிக்கிறேன்.”

ஏறினேன். தலை இடித்தது. என் வண்டிதான், ஆனால் சாத்திய பிறகு உள்ளே நான் நின்றதில்லை. அம்மா கதவைச் சாத்தியது. கடல் சத்தம் பட்டென்று நின்றது. வலை நாற்றம். அவள் போன் வெளிச்சத்தில் முகமெல்லாம் வியர்வை. குரல் கட்டியிருந்தது.

“அண்ணே, இது கடசி. தொண்ட போச்சு. சுமாரா வந்தா திட்டாத.”

“சொல்லு” என்றேன்.