அக்காவுக்கு ஒரு தனிக் கார்டு

அக்கா குடியிருந்த அறை அரசாங்கத்தின் எந்த வரைபடத்திலும் கிடையாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி வாரியம் கட்டிக்கொடுத்த பழைய குடியிருப்பில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமைக்க ஒரு மூலை, பின்னால் பால்கனி. பால்கனிக்கு அப்பால் வெட்டவெளியாக இருந்த இடத்தில் நாங்களே எழுப்பிக்கொண்டதுதான் அக்காவின் அறை.

அப்படிப்பட்ட அறையை யாரும் தனியாகக் கட்டிவிட முடியாது. தரைத்தளத்துக்காரர் தூண் போட்டு அறை எழுப்பினால்தான் அதன் கூரை முதல் மாடிக்காரருக்குத் தரையாகும். அவர் கட்டினால்தான் எனக்கு, நான் கட்டினால்தான் எனக்கு மேலே இருப்பவருக்கு. ஆகவே நாலு குடும்பமும் ஒரே நேரத்தில் சட்டத்தை மீற வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் தரைத்தளத்தில் இருந்த மீன்காரம்மா.

"இன்னா சார், உன் ஆபீசு புக்குல இதுக்கு இன்னா பேரு?"

"ஆக்கிரமிப்பு."

"சரி, நாலு பேரும் சேந்தே ஆக்கிரமிச்சுக்கலாம். மொத ஆளா நான் கடக்கால் தோண்டறேன்."

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஊராருக்கெல்லாம் ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் எங்கள் கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அறை முடிந்த சமயத்தில்தான் அக்காவின் கணவர் இறந்துபோனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மாதா படத்தோடும் அக்கா வந்தாள். சில வருஷத்தில் என் மனைவியும் போய்ச் சேர, சமையல், என் மகனின் பள்ளிக்கூடம், அவன் கல்யாணம் எல்லாம் அக்கா தலையில் விழுந்தன. மருமகள் வந்தாள், பேரப்பிள்ளைகள் இரண்டு வந்தன. வரைபடத்தில் இல்லாத அறையிலிருந்து அக்காதான் வீட்டை நடத்தினாள்.

கட்டடம் பல காலமாக இடிந்துகொண்டேதான் இருந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, காரை பெயர்ந்து ஒருநாள் சோற்றுப் பானையிலேயே விழுந்தது. அது ஆபத்தான கட்டடம் என்பது அரசாங்கத்துக்குத் தெரியவந்தது, பக்கத்தில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு.

முற்றத்தில் ஷாமியானா போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். வந்திருந்த அதிகாரி படத்தைக் காட்டி விளக்கினார். ஸ்டேஷனைப் பார்த்தாற்போல முன்பக்கம் ஓர் உயரமான கட்டடம், அது விற்பனைக்கு. அதில் வரும் பணத்தில் பின்பக்கம் எங்களுக்கு ஒரு கட்டடம். எல்லா வருமானத்தினரும் கலந்து வாழும் வளாகம் என்றார். படத்தில் முன்பக்கம் நீலம், பின்பக்கம் மஞ்சள். இரண்டும் எங்கேயும் கலக்கவில்லை.

அக்கா எழுந்து கேட்டாள்: "கலந்துன்னா எப்டி சார்? அவங்க வூட்டுக் கொயம்ப நம்ம சோத்துல ஊத்துவாங்களா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு விதியைச் சொன்னார். ஓர் ஒதுக்கீட்டுக்கு ஒரு வீடு. கூடுதலாகக் கட்டிக்கொண்டது எதுவும் கணக்கில் வராது.

அன்றிரவு நான் இந்தத் திட்டத்துக்கான அரசாணையை எடுத்து வைத்துப் படித்தேன். ஒரு வரி கிடைத்தது. தனிக் குடும்பமாக வசிப்பதற்கு ஆதாரம் உள்ளவர்களின் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. பணிக்காலம் முழுவதும் 'பரிசீலிக்கப்படும்' என்று எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவன் நான். அதற்கு என்ன பொருள் என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எனக்கே வந்தபோது நம்பினேன்.

அக்காவுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்கி, அதைக் காட்டி அவளுக்கும் ஒரு வீடு கேட்பது என்று முடிவு செய்தேன். அதற்கு எங்கள் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க வேண்டும், தனி அடுப்பும் தனி கேஸும் இருக்க வேண்டும்.

"ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பாடா? சண்ட போட்டுக்கினவங்கதான் அப்டி வெச்சுப்பாங்க."

"பேப்பருக்குத்தான்க்கா."

"பேப்பருக்குன்னா பேப்பர்லயே ஆக்கு. சோத்த எதுக்குடா தனியா ஆக்கச் சொல்ற?"

விசாரணைக்கு எப்போது வேண்டுமானாலும் ஆள் வரலாம், அடுப்பு புழக்கத்தில் இருப்பது தெரிய வேண்டும் என்றேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே தனியாகச் சமைத்தாள். ஆரம்பத்தில் கருவாட்டுக் குழம்பு இந்தப் பக்கம் வந்தது, ரசம் அந்தப் பக்கம் போனது. பிறகு மருமகள் எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் அளந்து போடப் பழகிவிட்டாள். அக்காவும் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போடப் பழகிவிட்டாள். சின்னவன் ஒருநாள் பால்கனியில் நின்றபடி, "ஆயா, உங்க வூட்டுல இன்னிக்கு இன்னா கொயம்பு?" என்று கேட்டான். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

கார்டு வந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"பார்றா, நான் குடும்பத் தலைவி. குடும்பம் எங்கடா?"

கணக்கெடுக்க வந்த பையன் மரியாதையானவன். கூடத்தையும் படுக்கையறையையும் அளந்தான். எங்கள் ஐந்து பேரின் கைரேகையையும் பதிந்துகொண்டான். அக்காவின் அறை வாசலில் நின்று தன் கையிலிருந்த திரையைப் பார்த்தான்.

"சார், இந்த ரூம் பிளான்ல இல்லையே."

"அவங்களுக்குத் தனிக் கார்டு இருக்கு."

"கார்டு இருக்கு சார். வீடு இல்லையே."

"அப்படின்னா அவங்களை என் குடும்பத்துலயே சேர்த்துக்கோங்க."

"உங்க கார்டுல அவங்க பேரு இல்லையே சார்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நான் அவன் மேலதிகாரியாக இருந்திருந்தால் இதையேதான் சொல்லச் சொல்லியிருப்பேன். ஒன்றன் மேல் ஒன்றாக மனு எழுதினேன். கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு ஏற்க இயலாத நிலையில் உள்ளது என்று பதில் வந்தது. நல்ல வாசகம். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

காலி செய்ய நாள் குறித்தார்கள். எர்ணாவூரில் வாடகைக்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டு சிறிய அறைகள். வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் மகன், "அஞ்சு பேர்" என்றான். பதிவான எண்ணிக்கையைத்தான் சொன்னான். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் அவளே வந்து சொன்னாள். ராயபுரத்தில் சிஸ்டருங்க நடத்துகிற முதியோர் இல்லத்தில் பேசிவிட்டாளாம்.

"வூடு கட்டி முடிக்கற வரைக்கும்டா. அங்க காலீல பூசை கீது, நாஸ்தா கீது, பேஜாரே இல்ல. முடிஞ்சதும் வந்து இட்டுக்கினு போ."

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். நான் உட்கார்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி மாடி ஏறிக்கீது?" நான் சொல்வேன். பக்கத்துக் கட்டில் கிழவியிடம் அதைத் திருப்பிச் சொல்வாள், அவளே கட்டுவதைப் போல. முன்பக்கத்துக் கட்டடம் சீக்கிரம் எழும்பியது. எங்களுடையது மழை, மணல் தட்டுப்பாடு, தேர்தல் என்று நின்று நின்று ஏறியது.

வீடு ஒதுக்கும் குலுக்கலில் எங்களுக்கு உயரத்தில் ஒரு மாடி கிடைத்தது. புதுக் கட்டடத்தில் தரைத்தளத்தில் யாரும் குடியிருக்க முடியாது, அது வண்டிகளுக்கு. மீன்காரம்மாவுக்கு எனக்கும் மேலே கிடைத்திருந்தது. "மீன் கூடய லிப்டுல ஏத்தக் கூடாதாம் சார். அப்ப அது இன்னாத்துக்கு, மவராசன் ஏறவா?" என்று லிப்ட் வாசலிலேயே சத்தம் போட்டார். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு சுவர், சுவர் நெடுகச் செடி. ஸ்டேஷனுக்குப் போகும் கதவு அந்தப் பக்கம். நாங்கள் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

வீடு நன்றாகவே இருந்தது. வெளிச்சம், காற்று, தூரத்தில் ஒரு கீற்றுக் கடல். படுக்கையறை மகனுக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும். கூடம் எனக்கு. கூடத்தின் ஒரு சுவரோரமாக அக்காவின் கட்டிலை மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாலை அதே சுவரோரத்தில் சோபா வந்து இறங்கியது, பிரித்தால் படுக்கையாகும் வகை. எனக்காகத்தான் மகன் வாங்கியிருந்தான்.

"அக்கா வந்தா எங்கேம்மா படுப்பாங்க?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"அவங்களுக்குத்தான் தனிக் கார்டாச்சே மாமா. அங்க வசதியாத்தானே கீறாங்க?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுப்பைப் பிரித்த பிறகு அவள் பழகியதே அப்படித்தான். எந்த ஆட்சேபத்துக்கும் பதில் எழுதத் தெரிந்தவன் நான். அந்தக் கார்டுக்கு விண்ணப்பம் எழுதியதும் நான்தான்.

ஃபாதர் வந்து ஜெபித்து வீட்டை மந்திரித்த அன்று அக்கா மெட்ரோவில் வந்தாள். நல்ல புடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இனிப்பு டப்பாவும். "வெறுங்கையோட வரலாமா?" என்றாள். குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள். எல்லாமே நன்றாக இருக்கிறது என்றாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கேயே இருந்துடுக்கா. இதுல நீ படு. நான் கீழே படுத்துக்கறேன்."

அவள் சோபாவை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள்.

"முட்டி வலியோட கீய படுத்தீன்னா காலீல உன்ன யாருடா தூக்கறது? கிரேன் ஓட்டினவரும் போய்ட்டாரு."

"விளையாடாதேக்கா."

"வெளயாடல. அடுப்ப என்னிக்குப் பிரிச்சியோ அன்னிக்கே நான் வேற வூடு ஆயிட்டேன். நீ நல்லதுக்குத்தான் பண்ண. உட்டுடு தம்பி."

கிளம்பும்போது மருமகள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிரியாணி கட்டிக் கொடுத்தாள், விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததைப் போல. ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட் காட்டித் திறக்கும் தடுப்புக்கு அப்பால் போக என்னிடம் டிக்கெட் இல்லை. அக்கா நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது டப்பாவைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். நான் உட்காருவதற்கு முன்பே அதை நீட்டினாள்.

"எடுத்துக்கினு போ. உன் மருமவ தேடப் போறா."

எத்தனை மாடி என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.