தூக்கில் ஒட்டியிருந்த கஞ்சி

போன வாரம் விருந்தாளிகளுக்கு வழி காட்டுகிறேன் என்று ராஜகிரிக் கோட்டைப் படியில் முன்னால் ஏறி, அவர்கள் கண்ணெதிரிலேயே சறுக்கினேன். நர்ஸம்மா முழங்காலில் பழுப்பு மருந்தைத் தடவினார். அந்த அயோடின் வாசனை வந்ததும் வலி போய், பழைய பள்ளிக்கூடத்து லேப் வந்து நின்றது.

அங்கே நான் அட்டெண்டர். படிப்பு பத்தாவது, எத்தனை தடவை எழுதினேன் என்று கேட்காதீர்கள். கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டே பாடத்தைக் கேட்டதில், உயிரின் வேதியியல் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த சரடாம். அந்தச் சரடின் சுருளுக்குள் அயோடின் புகுந்தால் நீலக்கறுப்பாகிவிடும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைக் காகிதத்தில் தேய்த்தால் எண்ணெய்க் கறை, அது கொழுப்பு. மனுஷன், மாடு, மல்லாட்டை எல்லாமே ஒரே சாமான்களால் ஆனதுதான் என்று தெரிந்த நாளில், வீட்டில் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை அன்று மாவுச்சத்துக்காக வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் சோற்றுக்கஞ்சி கொண்டுபோனேன். கொஞ்சத்தைக் குப்பியில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தேன். தூக்கில் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடித்துவிட்டால் பாத்திரம் கழுவியாயிற்று என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்புறம்தான் பால் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பள்ளிக் கேட் ஓரமாகச் சைக்கிளில் கேனோடு போன பால்காரர் செல்வராசு அண்ணனை நிறுத்தி, அதே தூக்கில் வாங்கினேன்.

அவர் மகள் தேவகியும் அன்று பரீட்சை எழுதினாள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்குச் சோதிக்க வந்தது பால். சர்க்கரைச் சோதனையில் செங்கல் நிறம், புரதத்துக்கு ஊதா, எல்லாம் சரி. அயோடின் விட்டாள். நீலக்கறுப்பு.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, உங்க நைனா மாவு கலக்குறாரா?”

தேவகி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பாலில் மாவுச்சத்து கிடையாது என்கிறது புத்தகம். கண்ட நிறத்தை எழுதினால் அப்பா கலப்படக்காரர். எழுதாவிட்டால் அவள் பொய்க்காரி. கண்ணீர் சொட்டச் சொட்ட, ‘மாவுச்சத்து உண்டு’ என்றே எழுதினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குழாயைத் தூக்கிப் பார்த்தார். “யார் ஊத்துன பால்மா இது?”

“எங்க நைனா சார்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அலமாரியில் இருந்தது. தூக்கின் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“சார், அது என் கஞ்சி சார். தூக்கைக் கழுவல.”

“கழுவலியா?”

“கழுவுனேன் சார். கழுவிக் குடிச்சிட்டேன்.”

அவருக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. தூக்கினுள் ரெண்டு சொட்டு அயோடின் விட்டார், விளிம்பெல்லாம் நீலம். “வேற பால் கொண்டா” என்றார். நல்ல கண்ணாடிக் குவளையோடு ஓடினேன். கடைத்தெரு முனையில் அண்ணனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

“அடப்பாவி! ஒன் கஞ்சில எம் மானம் போவ இருந்துச்சே! ஊத்துறேன், புடி. நானும் வர்றேன்.”

ஜன்னலுக்கு வெளியே கேனோடு நின்றுகொண்டார். தேவகி புதுப் பாலில் மறுபடி சொட்டு விட்டாள். பழுப்பு பழுப்பாகவே நின்றது. தேர்வாளர் அவள் தாளை வாங்கி, “கண்டதை எழுதின பாரு, அதுக்கே முழு மார்க்கு” என்றார்.

மறுநாளிலிருந்து அண்ணன் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம், “கஞ்சி போடாத பாலேய்!” என்று கூவுவார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்தக் குரல் இப்போது இல்லை, சைக்கிளும் இல்லை. முழங்கால் கட்டோடு திரும்பும்போது பால் பாக்கெட் வாங்கினேன். “யார் வூட்டுப் பால்பா இது?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கடைக்காரப் பையன் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைக் காட்டினான்.

வீட்டில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கலாம்தான். நீலமாகவே ஆனாலும், பாக்கெட் பாலுக்காக நின்று அழ ஒரு மகள் வேண்டுமே.